மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே தஞ்சாவூர்

திருச்சியிலிருந்து காரில் வரும் குடும்பங்கள் வல்லத்தைக் கவனிப்பதே இல்லை. செங்கிப்பட்டி தாண்டியதுமே பின் சீட்டில் ‘கோபுரம் தெரியுதா’ என்ற ரகளை தொடங்கிவிடும். முன் சீட்டில் தங்கும் அறைக்கு போன் போய்க்கொண்டிருக்கும். சாலையின் இருபுறமும் ஓடிவருவது செம்மண் மேடு என்பது யார் கண்ணிலும் படாது. நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் படித்த ஊரை நெருங்கும் நேரத்தில் நெல்லே இல்லாத இந்த வறண்ட மேடு எதற்கு வருகிறது என்று ஒரு குழந்தை கேட்டால், அந்தச் சுற்றுலாவிலேயே உருப்படியான கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அதே குடும்பம் மறுநாள் காலையில் திருவையாற்றுக்குக் கிளம்பட்டும். மொத்தம் பதின்மூன்று கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள் வந்துவிடும். பிள்ளைகளை எண்ணச் சொல்லலாம். ஜன்னலுக்கு வெளியே மண் கருத்திருக்கும், தரை பலகையாய்ப் படுத்திருக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே சட்டென்று பிடிபடாது.

தஞ்சாவூர் நகரம் டெல்டாவின் நடுவில் இருப்பதாகத்தான் வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது டெல்டாவின் தென்மேற்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வல்லம் மேட்டுநிலத்தின் செம்மண்ணும் செம்பாறாங்கல்லும். மறுபக்கம் காவிரி சில ஆயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல். ஊரில் பார்க்கவேண்டியவை என்று பட்டியல் போடப்படும் இடங்களில் பாதிக்குமேல் இந்த விளிம்போடு சம்பந்தப்பட்டவை. கோயில், குளம், பூங்கா, பொம்மை, மூக்குக்கண்ணாடி எல்லாமே, மேட்டில் கிடைத்ததைப் பள்ளத்துக்கும் தூரத்தில் இருந்ததை இங்கும் கொண்டுவந்து சேர்த்த கதைகள். கைடுகள் சொல்லும் கதைகளைவிட இவை எனக்குச் சுவாரசியமாகப் படுகின்றன.

மூக்குக்கண்ணாடியிலிருந்தே தொடங்கலாம். வல்லத்து மேட்டின் சரளை மண்ணில் தெளிந்த படிகக் கற்கள் கிடைத்தன. அறிவியல் மொழியில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கன் டைஆக்சைடு. அவற்றை அறுத்து, தேய்த்து, மெருகேற்றிச் செய்த வல்லம் கண்ணாடி ஒரு காலத்தில் தஞ்சாவூரின் பெருமை. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. குவார்ட்ஸ் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே தொட்டவுடன் தோலின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு ஜில்லென்று இருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்து அசல் படிகமா என்று சோதிக்கும் பழைய வழக்கத்துக்கு அடிப்படை இதுதான். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, சாதாரணக் கண்ணாடிக்கு சுமார் 5.5. வேட்டி நுனியால் நாள்தோறும் துடைத்தாலும் கீறல் விழாது. குறை ஒன்றும் உண்டு. சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தெளிந்த குவார்ட்ஸ் அப்படியே உள்ளே விட்டுவிடும். குளிர்ச்சி தோலுக்குத்தான், விழித்திரைக்கு இல்லை.

இனி பெரிய கோயில். முதலாம் ராஜராஜன் எடுப்பித்து 1010-இல் குடமேற்றிய கோயில், 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். இவ்வளவும் வாசலில் பலகையிலேயே இருக்கிறது. பலகையில் இல்லாத ஒன்று, இத்தனை கருங்கல்லில் ஒரு துண்டுகூட உள்ளூர் இல்லை என்பது. தஞ்சாவூரைச் சுற்றி வெட்டியெடுக்கும்படியான பாறையே கிடையாது. மேட்டுப் பக்கம் போனால் செம்பாறாங்கல், ஆற்றுப் பக்கம் போனால் களிமண். தீபகற்பத்தின் பழம்பாறை, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல், தலைகாட்டுவது மேற்கே திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில்தான். அங்கிருந்துதான் மாட்டையும் மனிதனையும் யானையையும் கொண்டு இழுத்து வந்திருக்க வேண்டும்.

உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்றும், அதை ஏற்ற சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குச் சாரம் கட்டினார்கள் என்றும் கைடுகள் சொல்வார்கள். கணக்கு என்னவோ சரியாகத்தான் வரும். ஆறு கிலோமீட்டரில் அறுபது மீட்டர் ஏறினால் நூறுக்கு ஒன்று சரிவு, யானை இழுத்துவிடும். ஆனால் அந்தச் சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது என்று குடவாயில் பாலசுப்ரமணியன் போன்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஒற்றைக்கல் இல்லையென்றால் ஆறு கிலோமீட்டர் சாரமும் தேவையில்லை. இதில் சோழத் தச்சர்களுக்குப் பெருமை குறைந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. எண்பது டன் பாரத்தை ஒரே மூச்சில் தூக்குவது பலம். அதைப் பங்குபோட்டு, ஏற்றி, சேர்ந்த இடம் தெரியாமல் பொருத்துவது மூளை.

விமானத்துக்குள்ளே கட்டுமானத்தின் சூட்சுமம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மலை, உள்ளே கூடு. அடியில் கருவறையைச் சுற்றி இரண்டு சுவர்கள், நடுவே நடைபாதை. மேலே போகப் போக ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்ளே நீண்டு, நான்கு பக்கமும் ஒடுங்கி, உச்சியில் சேர்கின்றன. ஐரோப்பிய வளைவுகள் தம் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும், அதைத் தாங்க வெளியே முட்டுக்கொடுக்க வேண்டும். இந்த அடுக்கு முறையில் பாரம் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கிவிடும். கருங்கல்லை இழுத்தால் எளிதில் முறியும், அழுத்தினால் அசாத்தியமாகத் தாங்கும். கல்லை அழுத்தத்தில் மட்டுமே வைத்திருப்பதுதான் ஆயிரம் ஆண்டு ஆயுளின் ரகசியம்.

நிழல் விஷயத்துக்கு வருவோம். கோபுர நிழல் தரையில் விழாது என்பது தமிழ்நாட்டில் மிகப் பரவலான கட்டுக்கதைகளில் ஒன்று. மாலை ஐந்து மணிக்குப் பிரகாரத்தில் நின்றால் போதும், நிழல் நீளமாய்க் கிழக்கே படுத்துக்கிடக்கும். ஆனாலும் இதைச் சிரித்து ஒதுக்குவதற்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானத்தின் அடி சுமார் முப்பது மீட்டர் சதுரம். உயரம் 216 அடி என்பது வழக்கம், மீட்டரில் அறுபதுக்கு மேல். அதாவது கலசத்துக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து அடிச்சுவர் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கிறது. நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 13 பாகைக்குள் விலகியிருந்தால் கலசத்தின் நிழல் அந்தப் பதினைந்து மீட்டரைத் தாண்டாது, கோபுரத்தின் மேலேயே விழுந்துவிடும். தஞ்சாவூர் இருப்பது வட அட்சம் 10.8 பாகையில். சூரியன் வடக்கே எட்டும் எல்லை 23.4 பாகை. வித்தியாசம் 12.6.

ஆக, மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை நண்பகலில் கலச நிழல் தரையைத் தொடுவதே இல்லை! கோடை விடுமுறைக்கு வந்து பன்னிரண்டு மணிக்குப் பார்த்தவர்களிடமிருந்துதான் கதை கிளம்பியிருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் வந்தவர்கள் பார்த்திருந்தால் கதையே பிறந்திருக்காது. அப்போது சூரியன் உச்சியிலிருந்து 34 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். கலசத்தின் நிழல் வடக்கே, சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கம், விமானச் சுவரைத் தாண்டி 25 மீட்டருக்குமேல் போய் விழும். கோடையில் இதைச் சோதிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நண்பகலில் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நிற்பது அறிவியல் ஆர்வத்தை வெகுவாகக் குறைத்துவிடும். விரித்திருக்கும் பாயைவிட்டு இறங்காமல் பார்ப்பது நல்லது.

கருவறையைச் சுற்றியுள்ள நடைபாதையில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் அதன்மேல் வேறு ஓவியம் தீட்டிவிட்டதால் மறைந்திருந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதற்குப் பின்னால் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டிய அசல் ஃப்ரெஸ்கோ அது என்ற முடிவுக்கு வந்தார். சுண்ணாம்பு காயும்போது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை எடுத்துக்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகிறது. அந்த மெல்லிய கல் படலத்துக்குள் காவியும் கரியும் பச்சை மண்ணும் சிறைப்பட்டுவிடுகின்றன. பசை எதுவும் வேண்டியதில்லை. ஆனால் பூச்சு காய்வதற்குள் ஓவியன் முடித்தாக வேண்டும், திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பொதுமக்களை அந்த நடைபாதைக்குள் விடுவதில்லை. ஏமாற்றம்தான். ஆனால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் விடும் மூச்சின் ஈரத்தைக் கணக்கில் எடுத்தால் அது நியாயமான தடை.

கல்வெட்டுகளுக்கு முன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவது இயற்கை. அவர்களுக்கு ஓர் எண்ணைச் சொல்லலாம். ராஜராஜனின் நில அளவைக் கணக்கு ஒரு வேலியின் 5242 கோடியே 88 லட்சம் பங்கில் ஒரு பங்குவரை போகிறது. ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் அந்தப் பங்கு சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர், ஒரு நெல்மணியின் முனை. அவ்வளவு நிலத்தை எவனும் அளந்திருக்க முடியாது என்பது தெளிவு. முந்திரி, கீழ்முந்திரி என்று அடுக்கடுக்காக இறங்கும் பின்னங்களில் கணக்குப் போட்ட கணக்கன், மீதி வந்ததை வெட்டித் தள்ள மனமில்லாமல் கடைசிவரை எழுதிவைத்திருக்கிறான். கால்குலேட்டர் காட்டும் பத்துத் தசம இடங்களையும் விடைத்தாளில் அப்படியே இறக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னோடி.

கோயிலை ஒட்டியே சிவகங்கைப் பூங்கா. 1870-களின் தொடக்கத்தில் நகராட்சி உருவாக்கியது. ஊருக்குப் பொதுவான பசுமைவெளி வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் ஓங்கியிருந்த காலம் அது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை 1837-இல் வரைபடத்தில் வகுத்தபோதே கர்னல் வில்லியம் லைட் அதைச் சுற்றிலும் பூங்காக்களால் வளையமிட்டுவிட்டார். 1859-ஐ ஒட்டி சென்னைக்கு ஆளுநர் ட்ரெவெல்யன் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தார். தஞ்சாவூருக்கு வரைபடம் தேவைப்படவில்லை, குளம் ஏற்கெனவே இருந்தது. பிள்ளைகளுக்குப் பூங்கா என்றால் பொம்மை ரயிலும் ஊஞ்சலும். பெரியவர்கள் அந்தக் குளத்தங்கரையில் சற்று உட்கார வேண்டும், ஏனென்றால் ஊரின் மிகச் சாமர்த்தியமான பொறியியல் அவர்கள் காலடியில்தான் புதைந்திருக்கிறது.

மேட்டில் பெய்யும் மழை விளிம்பை நோக்கித்தான் இறங்கும். அந்த நீரைப் பிடிக்க ஊருக்கு மேற்கே ஏரி ஒன்று வெட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் தஞ்சையின் முதல் நாயக்க மன்னரான செவ்வப்ப நாயக்கர் பெயரால் அது செவ்வப்பநாயக்கன் ஏரி. செம்மண் கலங்கிய நீர் அங்கே வந்து தேங்கும். ஓடும் நீர் வேகம் குறைந்தால் சுமையை இறக்கிவிடும்: மணல் சில நொடிகளில், வண்டல் சில மணி நேரத்தில், நுண்களி நாள்கணக்கில் அடியில் படியும். துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு மெதுவாக விழும் என்பதை ஐரோப்பாவில் ஸ்டோக்ஸ் 1851-இல் சமன்பாடாக எழுதினார். இங்கே ஏரி வெட்டியவர்களுக்குச் சமன்பாடு தெரியாது, பெரிய ஏரியில் தேங்கினால் நீர் தெளியும் என்பது தெரியும். தெளிந்த மேல்நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே சிவகங்கைக் குளத்துக்கு வந்து மறுபடியும் தெளிந்தது. அங்கிருந்து குழாய்களில் அரண்மனைக்கும் ஊர்க்குளங்களுக்கும் கிணறுகளுக்கும் போனது. ஜலசூத்திரம் என்று அந்த அமைப்புக்குப் பெயர். மோட்டார் இல்லை, இறைப்பு இல்லை. மேடு கொடுத்த உயரமே அழுத்தம்.

இங்கே ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. வடக்கே கூப்பிடு தூரத்தில் வெண்ணாறும் வடவாறும் ஓடும் ஊர், குடிக்க மழைநீரைத் தேடிப் போயிருக்கிறது. ஆற்றுநீர் ஊரைவிடத் தாழ்ந்து ஓடுகிறது, அதை மேலே ஏற்ற வேண்டும். மழைநீரோ மேட்டிலிருந்து தானாக இறங்கி வருகிறது. செவ்வப்பநாயக்கன் ஏரி என்று இன்று விலாசத்தில் எழுதினால் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். ஏரி இருந்த பரப்பில் தெருக்கள் வந்தாகிவிட்டன.

பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் உள்ளடக்கிய சிறிய கோட்டைக்குள் 1779-இல் கட்டிய ஷ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. உள்ளே ஆங்கிலச் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குப் பலகை. மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியார் ஷ்வார்ட்ஸின் கையை இளைஞர் சரபோஜி பற்றியிருக்கிறார். பிற்பாடு தஞ்சையின் மன்னரான அந்த இரண்டாம் சரபோஜியின் சேகரிப்புகள்தான் அரண்மனையில் சரஸ்வதி மகால் நூலகத்தை நிறைத்திருக்கின்றன. சுவடிகளைவிட வியப்பானது அவருடைய கண் மருத்துவக் குறிப்புகள். நோயாளியின் கண்ணை வண்ணத்தில் வரைந்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று பக்கத்தில் எழுதிவைத்த தாள்கள். கேமரா வருமுன்னரே ‘சிகிச்சைக்கு முன், பின்’ பதிவு. அரண்மனை வளாகத்தில் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் உண்டு. பிள்ளைகள் சுவடியை ஐந்து நிமிடமும் திமிங்கிலத்தை அரைமணி நேரமும் பார்ப்பார்கள், அதில் தவறொன்றும் இல்லை.

கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டுக்குப் பெரும்பாலான குடும்பங்கள் போவதில்லை. போகவேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தது என்று கருதப்படும் இரும்புப் பீரங்கி அங்கே கிழக்கு நோக்கிக் கிடக்கிறது. ஏழரை மீட்டர் நீளம், சுமார் 22 டன் எடை. இவ்வளவு பெரிய இரும்பை உருக்கி வார்க்கும் உலை அன்றைக்கு இங்கே இல்லை. ஆகவே வார்க்கவில்லை, அடித்துச் சேர்த்தார்கள். நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக நிறுத்திக் குழாயாக்கி, பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை அதன்மேல் ஒன்றையடுத்து ஒன்றாக மாட்டி அடித்தார்கள். வளையம் ஆறும்போது சுருங்கிக் குழாயை இறுக்கிப் பிடிக்கும். உள்ளே வெடிமருந்து வெடித்து விரியப் பார்க்கும்போது அந்த இறுக்கம் எதிர்த்து நிற்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடும் கொல்லரின் அதே வித்தை. டெல்லி இரும்புத் தூணை ஆராய்ந்த கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் இந்தப் பீரங்கியையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நானூறு மழைக்காலங்களில் வெட்டவெளியில் நனைந்தும் இது துருப்பிடித்து உதிராமல் கிடக்கிறது.

வாங்கிப்போக தலையாட்டி பொம்மை. டெல்டாக் களிமண்ணுக்கு நெல்லுக்கு அடுத்தபடியான நல்ல உபயோகம். ராஜா ராணி பொம்மையின் அடிப்பாகம் அரைக்கோளம், அதில் களிமண் கனம். மேல்பாகம் லேசு. பொம்மையின் எடை மையம், அடி வளைவின் மையத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. சாய்த்தால் எடை மையம் உயர்கிறது, விட்டால் தாழ்ந்த நிலைக்கே திரும்புகிறது. உள்ளே கனம் எதுவும் ஒளித்துவைக்காமல், ஒரே சீரான பொருளில், எப்படி வைத்தாலும் ஒரே நிலைக்குத் திரும்பி நிற்கும் வடிவம் சாத்தியமா என்ற கேள்விக்கு ஹங்கேரியின் டோமோகோஷ், வார்கொனி என்ற இருவர் 2006-இல் ‘கோம்போக்’ என்ற வடிவத்தைச் செய்துகாட்டி விடை கண்டார்கள். அதற்கு மிகத் துல்லியமான இயந்திரம் வேண்டியிருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் அடியில் களிமண்ணை அப்பிக் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

புதுக்கோட்டை சாலையில் இந்திய உணவுக் கழகத்தின் உணவு அருங்காட்சியகம் 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. கழகத்தின் முதல் அலுவலகம் 1965 ஜனவரி 14-இல், பொங்கலன்று, தஞ்சாவூரில்தான் தொடங்கியது, அந்த உரிமையில் அருங்காட்சியகமும் இங்கேயே. நெல்லை எப்படிச் சேமித்தார்கள் என்பதைக் குதிர் காலத்திலிருந்து காட்டுகிறார்கள். அடிப்படை ஒன்றுதான், ஈரப்பதம். நூற்றுக்குப் பதினான்குக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்மணி உள்ளுக்குள் சுவாசித்துச் சூடேறும், பூஞ்சை பிடிக்கும். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலைய வாசலில் விவசாயிகள் நெல்லைச் சாலையில் பரப்பிக் கிளறுவதைப் பார்த்துப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று முணுமுணுக்கும் கார்க்காரர்களுக்கு இந்த அருங்காட்சியகம் கட்டாயப் பாடமாக்கப்பட வேண்டும்.

கடைசி நாளைக் கல்லணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். கரிகாலன் கட்டியதாக மரபு கூறும் அணை. அணை என்றதும் மேட்டூரைப் போலத் தண்ணீரைத் தேக்கிவைப்பது என்று நினைப்போம். கல்லணை தேக்குவதற்கல்ல, திருப்புவதற்கு.

முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு கல்லணையருகே மறுபடியும் காவிரியை நெருங்கி வருகிறது. இரண்டில் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. கடலுக்குப் போகும் வழியும் குறுக்கு. தண்ணீருக்குப் பள்ளம்தான் தெரியும். விட்டால் காவிரி மொத்தமும் இந்த இடத்தில் கொள்ளிடத்தில் சரிந்து, கிழக்கே போகும் கிளைகள் நாளடைவில் மணல் மேடாகியிருக்கும். உலகத்தின் எல்லா டெல்டாக்களிலும் ஆறுகள் இப்படித்தான் படுக்கை மாற்றுகின்றன. மிசிசிப்பி அட்சாபலாயா ஆற்றுக்குள் தாவிவிடாமலிருக்க அமெரிக்கர்கள் 1963 முதல் காங்கிரீட்டில் காவல் காக்கிறார்கள். இங்கே ஏறத்தாழ 330 மீட்டர் நீளத்துக்குக் கரடுமுரடான கற்களால், நெளிந்து செல்லும் ஒரு சுவர் அந்த வேலையைச் செய்தது. வெள்ளம் அளவுக்கு மீறினால் சுவரைத் தாண்டிக் கொள்ளிடத்துக்குப் போகும், அளவான நீர் டெல்டாவுக்குப் போகும்.

பாறையே எட்டாத ஆற்றுமணலில் அஸ்திவாரம் எப்படி? கல்லை மணலில் போட்டால் ஓடும் நீர் கல்லடி மணலை அரித்தெடுக்கும், கல் இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், அதுவும் இறங்கும். அரிப்பு எட்டாத ஆழம்வரை இறங்கிய பிறகு அடுக்கு நகராது. அழிக்க வரும் ஆற்றையே கொத்தனாராக்கும் இந்த உத்தியை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் இங்கே வேலைபார்த்தபோது கற்றுக்கொண்டார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவதை இந்தப் பழைய வேலையிலிருந்தே கற்றோம் என்று பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். கோதாவரியில் தவளேசுவரம் அணைக்கட்டை அவர் அந்தத் துணிச்சலில்தான் கட்டினார்.

மணல் வேறொரு விதத்திலும் தொல்லை. நெளியும் ஆற்றில் மேல்நீர் வெளிவளைவுக்கும், அடிநீர் மணலை இழுத்துக்கொண்டு உள்வளைவுக்கும் போகும். தேநீரைக் கலக்கிவிட்டால் தூள் டம்ளரின் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவிகிறதே, அதே விசைதான். ஐன்ஸ்டைன் 1926-இல் ஆறுகளின் நெளிவை விளக்கத் தேயிலைத் தூளைத்தான் உதாரணம் காட்டினார். கல்லணைக்கு முன்னால் குவிந்த மணலை அடியோடு வெளியேற்ற 1830-இல் காட்டன் மணல்போக்கி மதகுகளைத் திறந்தார். பிறகு முக்கொம்பில் 1836-இல் மேலணை வந்தது. 2018 ஆகஸ்ட் 22 இரவு பெருவெள்ளத்தில் அந்த மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது சரிந்து விழுந்தபோதுதான், கொள்ளிடம் இன்னும் தன் பள்ளத்தை மறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அங்கே இப்போது புதிய கதவணை நிற்கிறது.

கல்லணையில் பார்க்கவேண்டிய மூன்றாவது வாய்க்கால், 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பிறந்த கல்லணைக் கால்வாய். ஊர்க்காரர்களுக்குப் புது ஆறு. தொண்ணூறு வயதாகியும் புதுசு. இது மற்ற ஆறுகளைப் போலப் பள்ளத்துக்கு இறங்காமல், மேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே வந்து, தஞ்சாவூரில் பெரிய கோயிலின் தெற்கே ஆற்றுப்பாலத்தடியில் நுழைந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிச் செம்மண்ணுக்குப் போகிறது. மேட்டு மழைநீர் ஒரு காலத்தில் பள்ளத்து ஊருக்கு இறங்கியது. இந்தக் கால்வாயில் காவிரியே மேட்டுக்குப் போகிறது.

எந்த மாதம் வரலாம் என்று கேட்பவர்களுக்கு: ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பது வழக்கம், அடுத்த சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும், அணையில் நீர் இருந்தால். சூரியன் தஞ்சாவூரின் நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 18-ஐயும் ஆகஸ்ட் 25-ஐயும் ஒட்டி. ஏப்ரலில் புது ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்டில் ஆறு ஓடும், சம்பா நாற்றங்கால் பச்சை பிடித்திருக்கும். பகல் 12.15-க்குக் கல்லணைப் பாலத்தில் ஒரு குச்சியை நட்டுவைத்தால் மேகம் இல்லாத பட்சத்தில் அதற்கு நிழலே இருக்காது. குடையும் தண்ணீர் பாட்டிலும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.